நீலம் தொண்ணூற்றாறு

மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தவனின் முகத்துக்கு நேராகக் கலர் அக்காவின் செருப்புக் கால்கள் தெரிந்தன. இரண்டு வாரத்தில் இது மூன்றாவது வருகை. முதல் தடவை கேபிளை மாற்றினான். இரண்டாம் தடவை கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் தூசி தட்டி, டிரைவரை அழித்து மறுபடி ஏற்றினான். இந்தத் தடவை தன் வீட்டு மானிட்டரையே போர்வையில் சுற்றி ஸ்கூட்டரில் வைத்து எடுத்துவந்திருந்தான். அதைச் செருகிவிட்டு, 'இப்போது பாருங்கள்' என்று சொல்ல வாயெடுப்பதற்குள் மேலேயிருந்து குரல் வந்துவிட்டது.

"தம்பி, இதுவும் மஞ்சள் அடிக்குதுப்பா."

அவனுக்குத் தொழிலில் வைத்த பெயர் ரீஸ்டார்ட். அச்சகம், டிசைன் ஸ்டூடியோ, ஆல்பம் போடுகிற கடை என்று, படத்தோடு மல்லுக்கட்டுகிற இடங்களின் கம்ப்யூட்டர்களை மட்டும் பழுது பார்ப்பவன். யார் போன் செய்தாலும் "ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?" என்றுதான் ஆரம்பிப்பான். பத்துக்கு ஆறு அதிலேயே எழுந்து உட்கார்ந்துவிடும். மிச்சம் நாலில் டிஸ்க் நிரம்பி வழியும், அல்லது எழுத்துரு காணாமல் போயிருக்கும், அல்லது படங்கள் இருந்த ஃபோல்டரை யாரோ இடம் மாற்றி வைத்திருப்பார்கள். அந்த யாரோ எப்போதும் போன் செய்தவர்தான். ஆனால் அதைச் சொல்லக்கூடாது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு லேஅவுட்காரரிடம், "ஃபைலை அழிச்சது நீங்களேதான் சார்" என்று உண்மையைப் போட்டு உடைத்தான். மறுநாளிலிருந்து அந்த ஆபீஸ் வேறு ஆளைக் கூப்பிட்டது. அன்றைக்கு ஒரு விதி போட்டுக்கொண்டான்: குற்றம் எப்போதும் மெஷினுடையது. மெஷினுக்கு ரோஷம் கிடையாது. பதினைந்து வருடம் அந்த விதி அவனுக்குச் சோறு போட்டிருக்கிறது.

கலர் அக்கா அந்த ஸ்டூடியோவில் பத்தொன்பது வருடமாகப் படங்களுக்கு நிறம் திருத்துகிறவள். மூன்று பேர் உட்காரும் ஆபீஸில் அவளுக்கென்று தனி அறை. சுவருக்குச் சாம்பல் பூச்சு, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, வெயில் வெளிச்சத்தைப் போலவே எரிகிற ஒரு விளக்கு. வெளி நிறம் எதுவும் வந்து கண்ணை ஏமாற்றக் கூடாது என்பதற்காக அவள் கேட்டு வாங்கிய அறை அது. நீலச் சட்டை போட்டுக்கொண்டு யாரும் பின்னால் வந்து நிற்கக்கூடாது, திரைக் கண்ணாடியில் தெரியும் என்பாள். அச்சடித்த தாளைக் கையில் வாங்கியதும், "மஞ்சள் மூணு குறையுது" என்பாள். அளந்து பார்த்தால் மூன்று சதவீதம்தான் குறையும். அளக்கிற கருவி பொய் சொன்னாலும் சொல்லும், அக்கா கண்ணு சொல்லாது என்று அச்சகத்துப் போர்மேன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். ரீஸ்டார்ட்டை இந்தப் பக்கத்து ஆபீஸ்களுக்கெல்லாம் கைகாட்டி விட்டவளும் அவள்தான். அவள் ஒரு வார்த்தை சொல்லியிராவிட்டால் அவன் இன்னும் ஏதாவது கடையில் பிரிண்டருக்கு மை நிரப்பிக்கொண்டிருப்பான்.

அப்படிப்பட்டவளின் கையிலிருந்து போன குழந்தைப் பவுடர் டப்பாவின் படம்தான் இப்போது திரும்பி வந்திருந்தது. டப்பாவின் மேல் சிரிக்கிற குழந்தை, நீலம் பாரித்துப்போய், ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்ததுபோல் இருக்கிறது என்று கம்பெனிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். ஒரு மாதத்தில் இது மூன்றாவது புகார். முதலாளி அறைக் கதவைச் சாத்திவிட்டுப் பேசியிருக்கிறார். இன்னொரு தடவை இப்படி வந்தால், வெப் வேலை பார்க்கிற பெண்ணை இந்த நாற்காலியில் உட்காரவைக்க வேண்டியிருக்கும் என்று, மரியாதை குறையாமல், சிரித்துக்கொண்டே. அக்கா அதை அவனிடம் சொன்னபோது அவளும் சிரித்தாள். ஆனால் கையிலிருந்த பேனாவின் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள்.

அவளுடைய கணக்கு தெளிவாக இருந்தது. திரையில் மஞ்சள் அடிக்கிறது. அதனால் அவள் மஞ்சளை எடுக்கிறாள். எடுத்ததும் வெளியே நீலமாகப் போகிறது. ஆக, திரை பொய் சொல்கிறது. "கையில வெச்சுப் பாத்தா எனக்கு அந்தக் குழந்தை நல்லாத்தான் இருக்கு. அவங்கதான் நீலம் நீலம்ங்கறாங்க" என்றாள்.

அவன் மேசையடியிலிருந்து எழுந்தான். பையிலிருந்து நிறம் அளக்கும் கருவியை எடுத்துத் திரையின்மேல் தொங்கவிட்டான். சின்ன மூடி அளவுதான் இருக்கும். ஆனால் அதற்கு அவன் வீட்டு ஃபிரிட்ஜைவிட விலை அதிகம். கருவி ஐந்து நிமிடம் முனகி, திரை சுத்த வெள்ளை என்று தீர்ப்புச் சொன்னது. பழைய மானிட்டருக்கும் அதேதான் சொல்லியிருந்தது. சரி, வெள்ளைக்குப் பக்கத்தில் வெள்ளையை வைத்துப் பார்ப்போம் என்று, அலமாரியில் ஒட்டுப் பிரியாமல் இருந்த காகிதக் கட்டு ஒன்றை எடுத்தான். அவள் கண்ணெதிரேதான் உறையைக் கிழித்தான். நடுவிலிருந்து ஒரு தாளை உருவி விளக்கடியில் நீட்டினான்.

"இது பழைய கட்டுப்பா. பாரு, மஞ்சளாயிடுச்சு. வேற எடு."

அவன் தாளைப் பார்த்தான். பால் வெள்ளை. வெளியே போய் வெப் பெண்ணிடமும் காட்டிவிட்டு வந்தான். அவள் எதற்கு என்று தெரியாமலே வெள்ளை என்றாள். பதினைந்து வருடத்தில் முதல் தடவையாக, பழுது இருக்கும் இடம் தெரிந்தும் ஸ்க்ரூடிரைவரை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

சொல்லியிருக்கலாம். அப்போது சொல்லியிருந்தால் இரண்டு வாக்கியத்தில் முடிந்திருக்கும். ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் முதலாளியின் செருப்புச் சத்தம் கேட்டது. அக்கா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'கண்ணு' என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. அந்த நாற்காலியில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்தவளிடம் அதைச் சொல்வது, பாடுகிறவரிடம் போய் உங்களுக்குக் காது கேட்கவில்லை என்று சொல்வதற்குச் சமம். அவன் வாய் பழகிய வழியிலேயே போனது.

"மானிட்டர் செட்டிங்தான்க்கா. ரெண்டுமே ஒரே கம்பெனி, ஒரே வியாதி. பத்து நிமிஷம் குடுங்க."

அவளுடைய பழைய மானிட்டரையே திரும்ப மாட்டி, அதன் மெனுவைத் திறந்தான். சிவப்பு ஐம்பது, பச்சை ஐம்பது, நீலம் ஐம்பது. திரையில் வெறும் வெள்ளைப் பக்கத்தை வைத்து, அவளை உட்காரவைத்து, நீலத்தை ஒவ்வொன்றாக ஏற்றினான். ஐம்பத்தெட்டில் அவள், "நிறுத்து. இதான் வெள்ளை" என்றாள். அவன் கண்ணுக்குத் திரை விடிகாலை வானம் மாதிரி நீலமாகிவிட்டிருந்தது. தன் சர்வீஸ் நோட்டில் தேதி போட்டு 'நீலம் 58' என்று எழுதிக்கொண்டான். மானிட்டரின் ஓரத்தில் 'யாரும் தொடக் கூடாது' என்று ஒரு ஸ்டிக்கரையும் ஒட்டினான்.

அது பலித்துவிட்டதுதான் வினை. திரை அவளுக்கு வெள்ளையாகத் தெரிந்ததால் இல்லாத மஞ்சளை அவள் எடுக்கவில்லை. பவுடர் டப்பாக் குழந்தைக்கு மறுபடி ரத்தம் ஊறியது. முதலாளி அவன் தோளில் தட்டி, "நீ கை வெச்சா சரியாயிடும்யா" என்றார். அன்று சாயங்காலம் வீட்டில் மனைவியிடம் இதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னான். மனுஷி கண்ணுக்குத் தக்கபடி மெஷினைக் கோணலாக்கி, வேலையை நேராக்கிவிட்டேன் என்றான். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு, "அவங்ககிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டாள். சமயம் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றான். அவள் மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

சமயம் வராமலில்லை. இரண்டு மாதம் கழித்து அக்கா கூப்பிட்டாள். மறுபடி மஞ்சள். நீலம் அறுபத்து மூன்று. அப்புறம் எழுபது. ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் என்பார்கள். திரை வெள்ளையாக இருக்கிறது, பிரிண்ட் மட்டும் ஏன் மஞ்சளாக வருகிறது என்று அவள் கேட்டபோது, பேப்பரே அப்படித்தான், இப்போதெல்லாம் மில்லில் வெளுப்பதில்லை என்றான். திரை ஏன் இப்படி நீலமாக இருக்கிறது என்று முதலாளி கேட்டபோது, அது கலர் வேலைக்கான தனி செட்டிங், நமக்கெல்லாம் புரியாது என்றான். நீலம் எழுபத்தேழில் இருந்த ஒரு நாள் மனசாட்சி உறுத்த, கேபிளைச் சுற்றிக்கொண்டே விளையாட்டுபோலச் சொல்லிப் பார்த்தான்.

"அக்கா, எதுக்கும் ஒரு தடவை கண்ணையும் செக் பண்ணிக்குங்களேன். நாள் பூரா ஸ்க்ரீனைப் பாக்கறீங்க."

"எது, என் கண்ணா?" அவள் நாற்காலியைத் திருப்பி அவனைப் பார்த்தாள். "ஏன், முதலாளி ஏதாச்சும் சொன்னாரா?"

இல்லை இல்லை, சும்மாதான் சொன்னேன் என்று பின்வாங்கிவிட்டான். சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, கேட்காதது அவள் பாடு என்று படி இறங்கும்போது நினைத்துக்கொண்டான். அந்த நினைப்பில் ஒரு நிம்மதி இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

அடுத்து வந்த புகார் வேறு மாதிரி. மவுஸின் அம்புக்குறி காணாமல் போகிறதாம். திரையின் வலப்பக்கம் போனால் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறதாம். மவுஸை மாற்றினான். மறுபடி போன் வந்தது. இந்தத் தடவை அம்புக்குறியை மூன்று மடங்கு பெரிதாக்கி, பின்னால் வால் விட்டுப் போகும்படி வைத்துக்கொடுத்தான். "சின்னப் பிள்ளைங்க கம்ப்யூட்டர் மாதிரி இருக்கு, ஆனா நல்லா இருக்கு" என்றாள் அக்கா. நோட்டில், 'நீலம் 85, கர்சர் பெரியது' என்று எழுதினான். எழுதும்போதே இது மெஷினுக்கான குறிப்பு இல்லை என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. மானிட்டர் மெனுவில் நீலம் நூறோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் ஏற்ற இடமில்லை. அந்த நூறு வருவதற்குள் அவளே தானாகப் போய் ஒரு டாக்டரிடம் காட்டிவிட வேண்டும் என்று அவன் வேண்டிக்கொண்டான். வேண்டுதலோடு நிறுத்திக்கொண்டான்.

போன மாதம் தொண்ணூற்றாறு.

இன்று மத்தியானம் போனில், கீபோர்டில் டீ கொட்டிவிட்டது என்றாள். கீபோர்டைக் கவிழ்த்துப் பிடித்து, பட்டன்களை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்துத் துணியில் பரப்பிக்கொண்டிருந்தான். ஒட்டுகிற சர்க்கரையைத் துடைக்கத் துடைக்க, கிளாஸ் எங்கே இருந்தது என்று சும்மா கேட்டான். வலது கைப்பக்கம், எப்போதும் வைக்கிற இடத்தில்தான் என்றாள். அது இருந்ததே தனக்குத் தெரியவில்லை என்றாள். இது ஒரு வாரத்தில் இரண்டாம் தடவை. அதனால் நேற்று, யாரிடமும் சொல்லாமல், கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்திருக்கிறாள்.

அவன் கை நின்றது.

அவள் அவனைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். கண்ணில் புரை விழுந்திருக்கிறதாம், அது போகட்டும், எடுத்துவிடலாமாம். அதற்குப் பின்னால்தான் விஷயம். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றிருக்கிறதாம். வலது கண்ணில் பாதிக்கு மேல் போய்விட்டது. இடது கண்ணிலும் வலப்பக்கம் தொடங்கிவிட்டது. போனது போனதுதான், திரும்பாது. மருந்து விட்டு மிச்சத்தைக் காப்பாற்றலாம்.

"எப்போலேருந்துன்னு கேட்டாங்க. ஒரு மாசமாத்தான்னேன். ஒரே மாசத்துல இவ்வளவு போகாதேன்னு டாக்டரம்மாவுக்கு முகமே மாறிடுச்சு. அப்படிப் போச்சுன்னா தலைக்குள்ள கட்டி கிட்டி இருக்கலாமாம். நாளைக்கு ஸ்கேன். மகளுக்கு இன்னும் சொல்லல." பேனா மூடியைக் கழற்றினாள். "முன்னாடி கலர் ஏதாவது மாறித் தெரிஞ்சுதான்னும் கேட்டாங்க. ஆமாம்மா, ஒரு வருஷம் முந்தி மஞ்சளாத் தெரிஞ்சுது, ஆனா அது மானிட்டர், எங்க தம்பி வந்து சரி பண்ணிட்டான்னேன்."

எங்க தம்பி. அவனுக்கு உட்கார்ந்திருக்கும் இடம் சுட்டது. பயத்தில் மனசு என்னென்னவோ கணக்குப் போட்டது. இது ஒரு மாதத்தில் வந்ததில்லை, ஸ்கேனில் கட்டி ஒன்றும் இருக்கப்போவதில்லை. இல்லை என்றதும் அவர்களே விட்டுவிடுவார்கள். நீலத்தை ஐம்பதுக்கு இறக்கி, நோட்டில் நாலு பக்கத்தைக் கிழித்துவிட்டால் இந்த உலகத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது. பதினாலு மாதத்துக்கு முன்னால், அந்தக் காகிதக் கட்டைப் பிரித்த அன்றைக்கே அவள் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால், புரையைப் பார்க்கும்போது அழுத்தத்தையும் பார்த்திருப்பார்கள். இதுவும் அதே கணக்கில் வந்தது. அவள் இன்று ராத்திரி முழுக்கத் தலைக்குள் கட்டியை வைத்துக்கொண்டு படுத்திருப்பாள் என்பது கடைசியாக வந்தது. அவன் நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"அக்கா, மானிட்டர்ல ஒண்ணுமில்ல. அப்பவும் ஒண்ணுமில்ல."

காகிதக் கட்டிலிருந்து ஆரம்பித்துச் சொன்னான். ஐம்பத்தெட்டு, அறுபத்து மூன்று என்று அவன் சொல்லச் சொல்ல அவளுடைய வாய் மட்டும் அந்த எண்களைச் சத்தமில்லாமல் திருப்பிச் சொன்னது. எண்களைக் கேட்டால் நிறம் தெரிந்துவிடும் அவளுக்கு. சொல்லி முடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"நான் உன்னை மெஷினைத்தானே பாக்கச் சொன்னேன்" என்றாள். "என் கண்ணு சங்கதி தெரிஞ்சா என்கிட்ட சொல்லியிருக்கணும். நீயா கை வெச்சு வைத்தியம் பண்ண உன்னை யாரு கேட்டா?"

வேலை போய்விடுமே என்று பயந்தேன் என்று முணுமுணுத்தான். யாருடைய வேலை என்று அவள் கேட்டாள். அவன் துணியில் கிடந்த ஒரு பட்டனை எடுத்துத் துடைத்தான்.

"அப்ப இந்த ஒரு வருஷம் போன படமெல்லாம்?" என்றாள்.

"அதெல்லாம் நீங்க செஞ்சதுதான்க்கா."

"இல்ல. பாதி நீ செஞ்சது." அவள் நாற்காலியைத் திரைக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டாள். "எடுத்துடு. நெசமா எனக்கு எப்படித் தெரியுதுன்னு நான் பாக்கணும்."

மெனுவைத் திறந்து, தொண்ணூற்றாறிலிருந்து கீழே இறக்கினான். ஒரேயடியாக இறக்க மனம் வரவில்லை, ஒவ்வொன்றாகத்தான் இறக்கினான். ஒரு வருடமாக அவன் கண்ணுக்கு நீலமாகவே இருந்த திரை மெல்ல வெள்ளைக்கு வந்தது. அவள் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கண்ணைப் பொத்திப் பார்த்தாள். கையை மாற்றி இடது கண்ணைப் பொத்தினாள். அப்படியே வெகுநேரம் இருந்தாள். அவளுக்கு என்ன தெரிகிறது என்று கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

கதவு திறந்தே இருந்தது. அந்த வழியாகப் போன முதலாளி நின்று எட்டிப் பார்த்தார். "அப்பாடா, இப்பதான்யா ஸ்க்ரீன் பாக்கற மாதிரி இருக்கு. இதை முன்னாடியே செஞ்சிருக்கக் கூடாதா?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அவர் செருப்புச் சத்தம் ஓய்ந்ததும் அக்கா கைப்பையிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து, பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்து, மேசைமேல் வைத்துக்கொண்டாள்.

"தேதியோட படி. மொதல்லேருந்து. நாளைக்கு ஸ்கேனுக்கு முன்னாடி அந்தம்மாகிட்ட குடுக்கணும்."

நோட்டைக் கொடுத்துவிடுகிறேன் என்றான். வேண்டாம், என் கையால எழுதறேன் என்றாள். அவன் படித்தான். தேதி, எண். தேதி, எண். அம்புக்குறி காணாமல் போன நாள். அதைப் பெரிதாக்கிய நாள். அவள் குனிந்து, வேகமாக, வரிவரியாக எழுதிக்கொண்டே போனாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்திப் படித்தவன், தொண்ணூறுக்கு வந்தபோது நிமிர்ந்து பார்த்தான். சீட்டின் வலது ஓரத்தைத் தாண்டி, அவள் பேனா மேசைப் பலகையின்மேல் எழுதிக்கொண்டிருந்தது. எழுத்து கோணவே இல்லை. அழகாக, உருண்டையாக, மரத்தின்மேல் ஒரு தேதியும் ஒரு எண்ணும்.

"ம், அப்புறம்?" என்றாள்.

அவன் அடுத்த எண்ணைப் படிக்கவில்லை.

"அக்கா, தாள் முடிஞ்சுபோச்சு" என்றான்.

அவள் பேனாவைத் தூக்கவில்லை. இடது கையின் விரல்கள் மட்டும் எழுதிய வரியைத் தொட்டுக்கொண்டே மெதுவாக நகர்ந்து, காகிதத்தின் விளிம்பைத் தேடிப் போயின.